கிரகணத்தின் மேல் போட்ட பழி

என் அக்கா புருஷன் எந்தப் பேச்சை முடித்தாலும் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார். “வெளிய தெரிய வேணாம் மச்சான்.” ஏதோ பெரிய ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். புரட்டாசி மாதத்தில் இரண்டு பேரும் லால்பேட்டைக்குப் போய் பிரியாணி தின்றுவிட்டு வந்தால் அப்படிச் சொல்வார். சரி, அதில் நியாயம் இருக்கிறது. கடைக்குப் புது ஜெராக்ஸ் மெஷின் வந்து இறங்கியபோதும் அதையேதான் சொன்னார். ஜெராக்ஸ் கடையில் ஜெராக்ஸ் மெஷின் இருப்பது வெளியே தெரியாமல் எப்படி இருக்கும்? கேட்டால் சிரிப்பார். அவர் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அண்ணாமலை நகரில் மாணவர்கள் கொண்டுவரும் ஆய்வேடுகளைப் பிரதி எடுத்துப் பைண்டிங் செய்து தருவது அவர் தொழில். வீடு சிதம்பரத்தில், கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். மழைக்காலத்தில் அந்த வீட்டுக் கூடத்தில் ஒழுகும். அங்கங்கே அக்கா குண்டான் வைத்திருப்பாள். யாராவது விருந்தாளி வந்து கதவைத் தட்டினால் போதும், மாமா ஓடிப்போய் எல்லாக் குண்டானையும் எடுத்து ஒளித்துவிடுவார். வந்தவர் தலையில் சொட்டுச் சொட்டாக விழும். மாமா அதைப் பார்க்காதவர் மாதிரி காப்பி கொடுப்பார். விருந்தாளியும் நாகரிகம் கருதி நனைந்துகொண்டே குடிப்பார். நானும் அக்காவும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

நான் அவருக்கு நேர் எதிர். குமராட்சியில் எங்கள் வீட்டில் அரிசி வெந்ததா இல்லையா என்பது மினிபஸ் கண்டக்டர் வரைக்கும் தெரியும், அவ்வளவு ஓட்டை வாய் எனக்கு. கோபமும் ஜாஸ்தி. இருந்தாலும் அவர் மேல் எனக்கு உயிர். என் அப்பா பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெற்ற பிள்ளை நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே நின்றேன். மாமாதான் துணி மாற்றினார், துடைத்தார், பெட்பேன் வைத்தார். கடைப்பக்கம் விசாரித்தவர்களிடம் பேப்பர் வாங்கச் சென்னை போயிருப்பதாகச் சொல்லச் சொன்னார். நல்லது செய்தாலும் திருட்டுத்தனமாகத்தான் செய்ய வரும் அவருக்கு.

அதனால் சின்னச் சின்ன விஷயங்கள் கண்ணில் பட்டும் நான் தோண்டிக் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த அவருடைய போட்டோ ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. எல்லாம் கரையான் தின்றுவிட்டது என்று அவருடைய அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவள், சொன்னாள். வெயிலில் இறங்கினால் கூலிங் கிளாஸ் இல்லாமல் போகமாட்டார். முப்பது வயதுகூட ஆகாத மனுஷன் பேப்பர் படிக்கக் கண்ணாடி போடுவார். அதுக்குள்ள வெள்ளெழுத்தா மாமா என்று கிண்டல் செய்வேன். பைண்டிங் வேலை கண்ணைத் தின்னுது மச்சான் என்பார். நானும் நம்பினேன்.

அக்காவுக்கு முதலில் பெண் குழந்தை. மூன்று வயது நடக்கும்போது, பாப்பா புத்தகத்தை மூக்கில் ஒட்டிவைத்துப் பார்க்கிறாள், வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்குகிறாள் என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னார். நாங்கள் உற்றுப் பார்த்தோம். இரண்டு கருவிழியின் நடுவிலும் வெள்ளையாக, பால் துளி விழுந்த மாதிரி. எங்கள் பக்கத்தில் அதைப் பூ விழுந்திருக்கிறது என்பார்கள். கிழவர்களுக்கு விழும், பார்த்திருக்கிறோம். மூன்று வயதுக் குழந்தைக்கா?

அத்தைக்கு ஒரு நிமிஷம்கூட யோசனை தேவைப்படவில்லை. அக்கா பாப்பாவைச் சுமந்திருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, நிழல் படக்கூடாது என்று சொல்லி அறைக்குள் படுக்க வைத்திருந்தார்கள். திடீரென்று தூறல் போட்டதும், மாடியில் காய்ந்த துணி நனையுமே என்று அக்கா ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வானம் முழுக்க மேகம். சூரியனே தெரியவில்லை, அப்புறம் எங்கே கிரகணம்? ஆனால் படி இறங்கி வந்தவளை அத்தை பார்த்துவிட்டாள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொன்னாள்.

“நாலு துணிக்கு ஆசப்பட்டு எம் பேத்தி கண்ண அவிச்சிட்டியேடி.”

அக்காவும் அதை நம்பினாள், அதுதான் கொடுமை. நாங்களும் நம்பினோம். என் அம்மா குமராட்சியிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்த வீட்டுக் கூடத்தில் நின்று, எம் பொண்ணு புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிடிச்சு, பொறுத்துக்கணும் என்று சம்பந்தியம்மாளிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். வாய் ஓயாத நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மாமா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் காட்டலாம் என்றால், முதலில் அம்மன் மனசு குளிரட்டும் என்றாள் அத்தை. ஆடி கடைசி வெள்ளி, மாரியம்மன் கோயிலில் அக்கா மண்சோறு சாப்பிட வேண்டும், வெள்ளியில் கண்மலர் செய்து சாத்த வேண்டும் என்று வேண்டுதல். மண்சோறு என்றால் இலை கிடையாது, தட்டு கிடையாது. கோயில் தரையில் சோற்றைக் கொட்டுவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, வாயால் எடுத்துச் சாப்பிட வேண்டும். பிள்ளை வரம் கேட்டும் நோய் தீரவும் மனதார அதைச் செய்கிற பெண்களை நான் மதிக்கிறேன். அக்கா செய்தது வேறு. அது தண்டனை.

ஈரப் புடவையோடு அவள் மண்டியிட்டாள். கூட்டம் சுற்றி நின்றது. கிரகணத்துல வெளிய போயிட்டாளாம் என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. ஒழுகுகிற கூரையைக்கூட ஊருக்குக் காட்டாத மனுஷன், தன் பெண்டாட்டி தரையில் கிடக்கிற சோற்றை வாயால் கவ்வுவதை ஊரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவின் மூக்கில் மண் ஒட்டியிருந்தது. மாமா ஒரு தடவை வாயைத் திறந்தார், ஏதோ சொல்ல வருகிறவர் மாதிரி. பிறகு மூடிக்கொண்டார். வெட்கப்படுகிறார் பாவம் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான், எதற்கு என்பதுதான் அப்போது எனக்குத் தெரியாது.

ஆவணி பிறந்தும் ஆஸ்பத்திரிப் பேச்சு எழவில்லை. மாமாவிடம் கேட்டால் பாக்கலாம் மச்சான், பாக்கலாம் என்றார். பாப்பா ஒருநாள் வாசற்படி தெரியாமல் விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கே கடலூர் கிளம்புகிறோம், வராதவர்கள் வீட்டிலேயே இருங்கள் என்று கூடத்தில் நின்று கத்தினேன். மறுநாள் மாமாவும் வந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தவர், நீங்க காட்டுங்க, நான் டீ குடிச்சிட்டு வர்றேன் என்று நழுவப் பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு அம்மா. பாப்பாவுக்குச் சொட்டு மருந்து விட்டு, பொறுமையாகப் பார்த்தார். பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னார். கண்ணுக்குள்ளே இருக்கிற லென்ஸ் வெள்ளையாகிவிட்டது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கலாம், பெரியவர்களுக்கு வைக்கிற மாதிரிதான். ஆனால் குழந்தையின் கண் இன்னும் வளரும், வைத்த லென்ஸ் வளராது. அதனால் ஆபரேஷனுக்குப் பிறகும் கண்ணாடி போட்டே ஆக வேண்டும், பவர் மாறிக்கொண்டே வரும். முக்கியமாக, இனிமேல் ஒரு வாரம்கூடத் தள்ளக்கூடாது. இந்த வயதில்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது, இதை விட்டுவிட்டால் பின்னால் எத்தனை நல்ல லென்ஸ் வைத்தாலும் பார்வை முழுசாக வராது.

அக்கா அழுதுகொண்டே, நான் கிரகணத்துல வெளிய போயிட்டேன் டாக்டர் என்றாள். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைம்மா என்றார் அவர். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றாள் அக்கா. பெற்றவர்கள் இரண்டு பேர் கண்ணையும் பார்த்துவிடுகிறேன், வழக்கம்தான் என்றார். அக்கா மெஷினில் தாடையை வைத்தாள். ஒன்றும் இல்லை. அடுத்து மாமா. எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். போங்க மாமா என்று நான்தான் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

டாக்டர் ஒரு கண்ணைப் பார்த்தார், இன்னொரு கண்ணைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி, சாதாரணமாகத்தான் கேட்டார்.

“உங்களுக்கும் குழந்தையிலயே ஆபரேஷன் ஆயிருக்கே. லென்ஸ் மட்டும் ரொம்ப வருஷம் கழிச்சு வச்சிருக்காங்க. ஏன் சொல்லல?”

மாமா தாடையை மெஷினிலிருந்து எடுக்கவே இல்லை. எடுத்தால் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அதற்குப் பிறகு கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன். அவருக்கும் பாப்பா மாதிரியே இருந்திருக்கிறது. அவர் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் குழந்தைகளுக்குப் பழுதான லென்ஸை எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு ஒன்றும் வைக்கமாட்டார்கள். தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியோடு பள்ளிக்கூடம் முடித்திருக்கிறார். பையன்கள் அவரை எப்படியெல்லாம் கூப்பிட்டார்கள் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெண் கேட்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால் பாண்டிச்சேரி போய் இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்துக்கொண்டார். போட்டோக்களைத் தின்றது கரையான் இல்லை, அடுப்பு.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். பாப்பா அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், அதனால் தப்பித்தார். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியவள் சிதம்பரம் வரைக்கும் திருப்பியபடியே இருந்தாள். கீழே இறங்கியதும் மாமா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

“பொம்பளப் புள்ள மச்சான். கிரகணம்னா அது ஒரு தடவையோட போச்சி. பரம்பரைன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்? இப்பிடியே இருக்கட்டும்.”

த்தூ என்று காறித் துப்பத் தோன்றியது. ஆனால் அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பாப்பாவை அவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு, அவரு சொல்றது சரிதான், நாம யார்கிட்டயும் சொல்ல வேணாம் என்றாள். என் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் நெடுநேரம் யோசித்துவிட்டு, அப்படியே இருக்கட்டும்டா என்றாள். ஆக, கும்பிட்ட கை கும்பிட்டபடி, குனிந்த தலை குனிந்தபடி, எல்லாரும் கிரகணத்துக்குள்ளேயே இருந்துவிட்டோம். அந்த மனுஷனை நான் வெறுத்தேன், அவர் கணக்கு தப்பு என்று என்னால் சொல்லவும் முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

பாப்பாவுக்கு ஒரு கண், சில நாள் விட்டு இன்னொரு கண் என்று லென்ஸ் வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று அவள் அக்காவின் மூக்குத்தியைத் தொட்டு, இது என்னா என்று கேட்டாள். அதுவரைக்கும் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

அப்புறம் கண்ணாடிச் சண்டை. லென்சே வச்சாச்சி, அப்புறம் கண்ணாடி எதுக்கு, பொண்ணு மூஞ்சியே கெட்டுப்போவுது என்று அத்தை யாராவது வந்தால் அதைக் கழற்றி அரிசிப் பானையில் போட்டுவிடுவாள். மாமா அதை ஒவ்வொரு தடவையும் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்து, வந்தவர்கள் முன்னாலேயே பாப்பாவுக்குப் போட்டுவிடுவார். கழன்று விழாமல் இருக்க எலாஸ்டிக் தைத்தவரும் அவர்தான். தனக்கென்று வந்தபோது உலகத்திடமிருந்து மறைத்த ஒன்றை, மகள் முகத்தில் தன் கையாலேயே மாட்டி, பள்ளிக்கூடம் வரைக்கும் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நாட்களில் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருக்கும், ஆத்திரமாகவும் வரும்.

அக்கா மறுபடி உண்டானாள். அப்போதும் ஒரு கிரகணம் வந்தது. அத்தை இந்தத் தடவை எதையும் விதி மேல் விடவில்லை. ஜன்னலில் போர்வை கட்டி, கதவு இடுக்கில் துணி அடைத்து, அக்காவை உள்ளே படுக்கவைத்து வாசலில் தானே காவல் உட்கார்ந்தாள். தண்ணீர்கூட இல்லை. புரண்டு படுக்கக்கூட வேண்டாம் என்று உத்தரவு. இது எதுவும் பிரயோஜனமில்லை என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் படுத்திருந்தாள். மாமாவுக்கும் தெரியும். கடைக்குப் போய்விட்டார்.

பையன் பிறந்தான். அவனும் இன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு காலேஜ் போகிறான். ஒரு மாதத்துக்குள்ளேயே ஆபரேஷன் ஆகிவிட்டது. பச்சைக் குழந்தைக்கு உடனே லென்ஸ் வைக்கவில்லை, சில வருஷம் தடித்த கண்ணாடியில் ஓட்டி அப்புறம்தான் வைத்தார்கள். சீக்கிரம் தெரிந்ததால்தான் இவ்வளவு பார்வை என்று டாக்டர் சொன்னார். சீக்கிரம் தெரிந்தது மாமாவால்தான்.

பிறந்த மறுநாள் காலை. ஆஸ்பத்திரி அறையில் அக்கா, அத்தை, நான். மாமா உள்ளே வந்தார், கையில் டார்ச் வைத்த போன். நேராகத் தொட்டிலுக்குப் போய்க் குழந்தையின் இமையை விரலால் விலக்கி வெளிச்சம் அடித்தார். பச்சப்புள்ள கண்ணுல லைட்டு அடிக்காதடா என்று அத்தை பதறினாள். அவர் இரண்டு கண்ணையும் பார்த்தார். தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்தது. மெதுவாக அக்கா பக்கம் திரும்பினாள்.

“நான் வாசல்லயே உக்காந்திருந்தனே. எப்பிடிப் போன நீ? எது வழியா பாத்த?”

அக்கா திரும்பி மாமாவைப் பார்த்தாள். பிரசவம் ஆன உடம்பு, எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை, படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று அக்கா கையைக் காட்டினாள். அவர்தான் சொல்ல வேண்டும்.

மாமா சொன்னார். “அவ எங்கயும் போவலம்மா. மொதல்ல போனதாலயும் ஒண்ணும் இல்ல. இது எங்கிட்டேர்ந்து வர்றது. எனக்கு இருந்ததுதான் ரெண்டு புள்ளைக்கும்.”

அத்தை அக்காவிடம் போவாள், ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே ஒரு கதை சொன்னாள். எங்கள் யாருக்கும் தெரியாத கதை அது. மாமா வயிற்றில் இருந்தபோதும் ஒரு கிரகணமாம். கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு ஓடியதென்று அத்தை பின்னாலேயே ஓடியிருக்கிறாள். அவர் கண்ணில் பூ விழுந்ததும் அவளுடைய மாமியார் அதைச் சொல்லிச் சொல்லியே குத்தியிருக்கிறாள், சாகிற வரைக்கும். அத்தையும் மண்சோறு தின்றிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, வருஷா வருஷம். பெற்ற பிள்ளையின் கண்ணைத் தானே அவித்துவிட்டோம் என்று நம்பித்தான் இத்தனை காலமும் இருந்திருக்கிறாள். ராட்சசி என்று நான் கரித்துக்கொட்டிய பொம்பளை.

“அப்ப, அது நான் பண்ணது இல்லியாடா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா.”

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“லென்ஸ் வைக்கச்சே டாக்டர் சொன்னாரு. கல்யாணத்துக்கு முன்னாடி.”

அத்தை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பிறகு மகனை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

“எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேடா. நான் யார்கிட்டடா போயி சொல்லப்போறேன்?”